அட்டையைக் கத்தரிக்கும் முன் ஒரு நிமிடம்: சென்னை மெடிக்கல் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் மெடிக்கல் நடத்துகிற, கவுண்டரில் நின்று மருந்து எடுத்துக் கொடுக்கிற அண்ணன்களுக்கும் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும்,

வணக்கம். நான் வட சென்னையில் கிளினிக் வைத்திருக்கும் மகப்பேறு மருத்துவர். இன்னும் சில வாரங்களில் ஆடி பிறந்துவிடும். கூழ் ஊற்றுவது, பால்குடம், தீமிதி, ஊரில் குலதெய்வத்துக்குப் பொங்கல் என்று தெருவுக்குத் தெரு விசேஷம். அந்த நாட்களில் உங்களிடம் நிறைய பேர் கேட்டு வரும் ஒரு மாத்திரையைப் பற்றித்தான் இந்த மடல். “பீரியட்ஸ் தள்ளிப்போற மாத்திரை குடுங்க” என்று வாங்கிப் போகிறார்களே, அந்த நோரெத்திஸ்டிரோன் 5 மில்லிகிராம்.

கேட்டு வருவது பெரும்பாலும் அந்தப் பெண் இல்லை. கணவர் வருவார், தம்பி வருவான், இல்லையென்றால் பக்கத்து வீட்டுப் பையன் போனில் இருக்கும் ஒரு போட்டோவைக் காட்டுவான். எத்தனை நாளைக்கு என்று கேட்பீர்கள். ஐந்து நாள் என்றால் பதினைந்து மாத்திரை. ஒரு முழு அட்டை, இன்னொன்றில் பாதி. பாதியைக் கத்தரித்து, காகிதக் கவரில் போட்டு, மேலே பேனாவால் 1-1-1 என்று எழுதிக் கொடுத்துவிடுவீர்கள். கத்தரித்ததில் மருந்தின் பெயர் ஒரு துண்டோடும் காலாவதித் தேதி இன்னொரு துண்டோடும் போய்விடும். பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள், அடுத்தவரைக் கவனிக்க வேண்டும். எனக்கும் புரிகிறது.

இந்த மாத்திரையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நானும் எழுதிக் கொடுக்கிறேன். தங்கச்சி கல்யாணத்தில் நிம்மதியாக நிற்க வேண்டும், உம்ராவுக்குப் போகிறேன், வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் போகிறேன் என்று வரும் பெண்ணுக்கு அந்த வசதி கிடைக்கத்தான் வேண்டும். ஆனால் கத்தரிக்கோலை எடுக்கும் முன் ஒரு நிமிடம் ஒதுக்கி, சில கேள்விகளைக் கேளுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். ஏன் என்று விளக்கமாகவே சொல்கிறேன்.

மாதச் சுழற்சியின் முதல் பாதி ஈஸ்ட்ரோஜனுடையது. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எஃப்எஸ்எச் என்ற ஹார்மோன் வருகிறது. அதனால் சினைப்பையில் ஒரு முட்டைப்பை வளர்கிறது. அது வளர வளர ஈஸ்ட்ரோஜன் கூடி, கருப்பையின் உட்சவ்வு தடிக்கிறது. நடுவில் எல்எச் என்ற இன்னொரு ஹார்மோன் திடீரென்று ஏற, முட்டை வெளியே வருகிறது. முட்டை போன இடத்தில் மிஞ்சும் மஞ்சள் நிறத் திசு அடுத்த இரண்டு வாரத்துக்குப் புரோஜெஸ்டிரோனைச் சுரந்து அந்தச் சவ்வைத் தாங்கிப் பிடிக்கிறது. கரு தங்கவில்லை என்றால் அந்தத் திசு சுருங்கிவிடும், புரோஜெஸ்டிரோனும் சரிந்துவிடும். பந்தலின் கால்களைப் பிடுங்கினால் கூரை இறங்குவது போல, சவ்வு உதிர்ந்து ரத்தத்தோடு வெளியேறுகிறது. மாதவிலக்கு என்பது அவ்வளவுதான். தீட்டும் இல்லை, கெட்ட ரத்தமும் இல்லை.

நோரெத்திஸ்டிரோன் புரோஜெஸ்டிரோனைப் போலவே வேலை செய்யும் செயற்கை ஹார்மோன். உடம்பில் புரோஜெஸ்டிரோன் இறங்குகிற நேரத்தில் வெளியிலிருந்து போய் அந்த இடத்தை நிரப்புகிறது. அதனால்தான் தேதிக்கு மூன்று நாள் முன்பே ஆரம்பிக்க வேண்டும் என்கிறோம். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் விலக்கு வந்துவிடும். “நாளைக்குத் தேதி, இன்னைக்கு ராத்திரி ரெண்டு சேர்த்துப் போட்டா நின்னுடுமா?” என்று கேட்டு வருபவர்களுக்குக் கொடுத்துப் பெரும்பாலும் பலன் இருக்காது. அதற்குள் உள்ளே சரிவு தொடங்கியிருக்கும். வெளியூர்ப் பயணத்தின் நடுவில் விட்டுவிட்டு ரத்தம் கசிந்து, கூடுதல் மாத்திரை போட்டு, தலைசுற்றலும் வாந்தியுமாக வருபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

இனி, கவுண்டரில் யாரும் பேசாத விஷயத்துக்கு வருகிறேன். ஆண் ஹார்மோன், பெண் ஹார்மோன் என்று பிரித்துச் சொல்கிறோமே தவிர, உடம்புக்குள் இவை எல்லாம் ஒரே குடும்பம். எல்லாமே கொலஸ்ட்ராலில் இருந்துதான் தயாராகின்றன. புரோஜெஸ்டிரோன் வகையிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் உருவாகிறது. அந்த டெஸ்டோஸ்டிரோனை அரோமட்டேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. பெண்ணின் சினைப்பையும் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கிறது. ஆணின் எலும்பு உறுதியாக இருக்க ஈஸ்ட்ரோஜன் வேண்டும். கொழுப்பில் கரைபவை என்பதால் இவை செல்லுக்குள் எளிதாக நுழைந்துவிடும். உள்ளே அதற்கென்று இருக்கும் ஏற்பி என்ற புரதத்தோடு சேர்ந்து, எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது அடங்க வேண்டும் என்பதையே மாற்றும். கல்லீரல், ரத்தக் குழாய், மூளை, எலும்பு என்று எல்லா இடத்திலும் இது நடக்கும். கருப்பைக்கு என்று கொடுக்கும் மாத்திரை கருப்பையோடு நிற்பதில்லை.

நோரெத்திஸ்டிரோன் பிறந்த கதையிலும் இந்த உறவு தெரியும். வாயால் சாப்பிடும் இயற்கைப் புரோஜெஸ்டிரோனில் பெரும் பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடும். அதைத் தாண்டி நிற்கும் ஒன்றைத் தேடியபோது, 1951 இல் மெக்சிகோ நகரில் சின்டெக்ஸ் நிறுவனத்தில் லூயிஸ் மிராமோன்டஸ், கார்ல் ஜெராசி, ஜார்ஜ் ரோசன்கிராண்ஸ் ஆகியோர் இதை உருவாக்கினார்கள். மூலப்பொருள் அந்த நாட்டின் காட்டுக் கிழங்கு ஒன்றிலிருந்து வந்தது. மூலக்கூறின் எலும்புக்கூட்டைப் பார்த்தால் டெஸ்டோஸ்டிரோனின் நெருங்கிய சொந்தம். ஒரு கார்பன் அணு குறைவு, ஒரு கிளை கூடுதல். சில பெண்களுக்கு இதைப் போட்டதும் முகப்பரு வருவது அந்தச் சொந்தத்தால்தான்.

இந்தச் சொந்தத்தால் வரும் பெரிய சிக்கல் வேறு. டெஸ்டோஸ்டிரோன் ஈஸ்ட்ரோஜனாக மாறுவது போல, நோரெத்திஸ்டிரோனிலும் ஒரு சிறு பங்கு உடம்புக்குள் எத்தினைல் ஈஸ்ட்ராடையாலாக மாறுகிறது. கருத்தடை மாத்திரைகளில் இருக்கும் அதே ஈஸ்ட்ரோஜன்தான் அது. அளவு குறைவாக இருக்கும்போது இது பொருட்டில்லை. ஆனால் நாளுக்கு 10 முதல் 20 மில்லிகிராம் நோரெத்திஸ்டிரோன் எடுத்தால், 20 முதல் 30 மைக்ரோகிராம் எத்தினைல் ஈஸ்ட்ராடையால் உள்ள கருத்தடை மாத்திரையைச் சாப்பிட்ட கணக்குக்கு வந்துவிடும். நீங்கள் எழுதித் தரும் 1-1-1 என்பது நாளுக்கு 15 மில்லிகிராம். அரசு கொடுக்கும் மாலா-என் கருத்தடை மாத்திரையில் இருப்பது 30 மைக்ரோகிராம். மாலா-என் கேட்டு ஒரு பெண் முதல்முறை வந்தால் செவிலியர் பிரஷர் பார்க்கிறார், கால் வீங்கியிருக்கிறதா, தலைவலி உண்டா என்று கேட்டு ஒரு தாளில் குறிக்கிறார். அதற்கு அருகில் வரும் ஈஸ்ட்ரோஜனை நாம் ஒரு கேள்வியும் இல்லாமல் தம்பி கையில் கொடுத்து அனுப்புகிறோம்.

ஈஸ்ட்ரோஜன் மாத்திரையாக வயிற்றுக்குள் போனால் முதலில் சேரும் இடம் கல்லீரல். அங்கே ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களின் உற்பத்தியைக் கூட்டுகிறது; உறையாமல் காக்கும் புரோட்டீன்-எஸ் போன்றவற்றைக் குறைக்கிறது. காலின் சிரைக்குள், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்க்குள், ரத்தம் கட்டியாகலாம். அது பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. மூளையின் சிரைகளில் கட்டினால் பொறுக்க முடியாத தலைவலி, வாந்தி, வலிப்பு, பக்கவாதம்.

பயமுறுத்த எழுதவில்லை, அளவைச் சொல்கிறேன். கர்ப்பமில்லாத, இந்த வகை மாத்திரை எதுவும் எடுக்காத 10,000 பெண்களில் ஓர் ஆண்டில் ஏறத்தாழ 2 பேருக்கு இப்படி ரத்தக்கட்டி வரும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுப்பவர்களில் 5 முதல் 12 பேருக்கு வரும். ஆக, பெரும்பாலான பெண்களுக்கு எதுவும் ஆகாது. ஆனால் யாருக்கு ஆகும் என்பதைப் பல நேரம் முன்கூட்டியே ஊகிக்கலாம். அந்தச் சிலரைக் கவுண்டரிலேயே அடையாளம் கண்டுகொள்ள வழி இருக்கும்போது நாம் ஏன் கேட்காமல் விடுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

இன்னொன்று, இந்த மாத்திரை எடுக்கப்படும் சூழ்நிலை. அது சாதாரண நாளில்லை. விரதம் இருக்கிறார்கள். தண்ணீர்கூடச் சரியாகக் குடிப்பதில்லை, ஏனென்றால் வழியில் கழிப்பறை கிடைக்காது. சென்னை வெயில். ராத்திரி முழுக்கப் பேருந்தில் காலைத் தொங்கப்போட்டு ஊருக்குப் பயணம். உடம்பில் நீர் குறைந்து, கால் அசையாமல் இருந்தாலே ரத்தம் கட்டும் வாய்ப்பு கூடும். அதன்மேல் ஹார்மோன் மாத்திரை. ஈரானில் ரமலான் நோன்பு நாட்களில் மாத்திரை எடுத்த பெண்களுக்கு மூளைச் சிரையில் ரத்தம் கட்டியதைப் பற்றி அங்குள்ள மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் நாட்டிலும் பூஜை, விசேஷம் என்று விலக்கைத் தள்ளிப்போட்டவர்களுக்கு இப்படி ஆனது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

என்னிடம் வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். முப்பது வயதுகூட ஆகவில்லை. மைத்துனர் பிள்ளைக்குக் காதுகுத்து, தென்மாவட்டத்தில் குலதெய்வக் கோயில். போய்த் திரும்பிய மறுநாள் இடது கெண்டைக்கால் வலி. நடந்த அசதி என்று தைலம் தேய்த்திருக்கிறார்கள். என் முன்னால் வந்து உட்கார்ந்தபோது இடது கால் வலது காலைவிட நன்றாகப் பருத்து, தோல் பளபளவென்று இறுகி, தொட்டால் சூடு. என்ன மருந்து சாப்பிட்டாய் அம்மா என்றேன். ஒண்ணுமில்லை டாக்டர் என்றாள். மறுபடி கேட்டதும் கைப்பையில் துழாவி, மஞ்சள் பொட்டலத்துக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் நடுவிலிருந்து கத்தரித்த அட்டைத் துண்டு ஒன்றை எடுத்தாள். அதில் பெயரும் இல்லை, தேதியும் இல்லை, இரண்டு மாத்திரை மட்டும் மிச்சம். “இது மருந்து இல்லையே டாக்டர், தள்ளிப்போறதுக்குத்தான்” என்றாள். ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில் தொடை வரைக்கும் கட்டி. மருத்துவமனையில் சேர்த்து ஊசி, அப்புறம் மாதக்கணக்கில் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை. அவள் அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உங்களுக்கு இப்படி எப்போதாவது வந்திருக்கிறதா என்று கேட்டேன். “இவ பொறந்தப்போ எனக்கும் இதே காலுதான் டாக்டரம்மா வீங்குச்சு, ரெண்டு மாசம் ஊசி போட்டாங்க” என்றார். ஒரே கேள்வி. மாத்திரை வாங்கும்போது அந்தக் கேள்வியை யாராவது கேட்டிருந்தால் அவள் அன்றைக்கே டாக்டரிடம் போயிருப்பாள்.

எந்தக் கடை என்று நான் விசாரிக்கவில்லை. அது எந்தக் கடையாகவும் இருந்திருக்கலாம்.

ஆக, என்னென்ன கேட்க வேண்டும்? முதலில், மாத்திரை யாருக்கோ அவரிடமே பேச வேண்டும் என்று சொல்லுங்கள். வந்தவர் கணவர் என்றால் போன் போட்டுத் தரச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணுக்கோ, அவருடைய அம்மா, அக்கா தங்கைக்கோ காலிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டியது உண்டா என்பதுதான் முதல் கேள்வி. ஒற்றைத் தலைவலி உண்டா, அது வரும்போது கண்ணுக்கு முன்னால் மின்னல் கோடு, வெளிச்சம் ஆடுவது போல் தெரியுமா என்று கேளுங்கள்; தெரியும் என்றால் கொடுக்கவே வேண்டாம், அவர்களுக்குப் பக்கவாத அபாயம் கூடுதல். சமீபத்தில் பிரசவமோ ஆபரேஷனோ ஆனதா, பிரஷர் உண்டா, உடல் எடை மிக அதிகமா, மஞ்சள் காமாலை, கல்லீரல் நோய், மார்பகப் புற்றுநோய் வந்ததா, காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜனாக மாறாத மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் போன்ற வேறு மருந்து சிலருக்குப் பொருந்தும். எது யாருக்கு என்பதை நாங்கள் பார்த்துச் சொல்கிறோம்.

டிபி மாத்திரை, வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் இன்னொரு சிக்கல். ரிஃபாம்பிசின், ஃபெனிடாயின், கார்பமாசெபின் ஆகியவை கல்லீரலை வேகமாக்கி ஹார்மோனை உடைத்துத் தள்ளிவிடும். மாத்திரை போட்டும் விலக்கு வந்து நிற்கும்.

தேதி ஏற்கெனவே தாண்டிவிட்டதா என்பதையும் கட்டாயம் கேளுங்கள். தாண்டியிருந்தால் முதலில் கர்ப்பமா என்று பார்க்க வேண்டும். டெஸ்டோஸ்டிரோனின் சொந்தம் என்று சொன்னேன் இல்லையா, 1950களில் கருச்சிதைவைத் தடுக்க என்று இந்த வகை ஹார்மோன்களை அதிக அளவில் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தபோது, சில பெண் குழந்தைகளின் பிறப்புறுப்பில் ஆண் சாயல் ஏற்பட்டது. நம் நாட்டிலும் அதிக அளவு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் கலந்த மாத்திரையைக் கர்ப்பமா என்று சோதிக்கக் கடைகளில் கொடுத்துக்கொண்டிருந்த காலம் உண்டு. பெண்கள் அமைப்புகள் எதிர்த்துப் போராடி, 1980களின் கடைசியில் அரசு அதைத் தடை செய்தது. மூத்த கடைக்காரர்களுக்கு நினைவிருக்கும்.

மாலா-என் மாதிரி மாத்திரையை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவருக்கு நோரெத்திஸ்டிரோன் தேவையே இல்லை. அட்டையின் 21 ஹார்மோன் மாத்திரை முடிந்ததும், மிச்சமுள்ள 7 இரும்புச்சத்து மாத்திரையை விட்டுவிட்டு அடுத்த அட்டையைத் தொடங்கினால் விலக்கு தானாகத் தள்ளிப்போகும். இது தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுகிறார்கள். மறுபக்கம், தள்ளிப்போகும் மாத்திரை போடுகிறோமே, கர்ப்பம் ஆகாது என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அதை நம்ப வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.

இன்னொரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். ஷெட்யூல் எச் பட்டியலில், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அட்டையிலேயே அச்சிட்டிருக்கும் இந்த ஹார்மோனை யார் கேட்டாலும் கொடுக்கிறீர்கள். ஆனால் அதே குடும்பத்தைச் சேர்ந்த லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், அதாவது அவசரக் கருத்தடை மாத்திரை, சீட்டே தேவையில்லை என்று 2005 முதல் விதி இருந்தும், சென்னையில் கடை கடையாக ஏறி இறங்கினாலும் பல இடங்களில் கிடைப்பதில்லை. “அது வைக்கிறதில்லைம்மா” என்கிறீர்கள். தடை என்கிறார்கள் சிலர். தடை எதுவும் இல்லை. அது கருவைக் கலைக்கும் மாத்திரையும் அல்ல. எல்எச் ஏறுவதைத் தள்ளிப்போட்டு, முட்டை வெளிவராமல் தாமதப்படுத்துகிறது. தங்கிவிட்ட கருவை அது ஒன்றும் செய்யாது. 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது என்பதால் ஒவ்வொரு கடையாக அலையும் நேரம் அந்தப் பெண்ணுக்குப் பெரிய நஷ்டம். அவளை ஏற இறங்கப் பார்க்கிறீர்கள். கோயிலுக்கு என்றால் கேள்வி இல்லை, இதற்கு என்றால் மருந்தே இல்லை. மருந்தின் ஆபத்தைப் பார்த்து முடிவெடுங்கள். கேட்பவரின் நடத்தையை எடைபோடுவது நம் வேலை இல்லை.

பழி முழுக்க உங்கள் மேல் போடவும் மாட்டேன். மாத்திரையைப் போடச் சொல்வது வீடு. விசேஷத்துக்கு நாள் குறிக்கும்போது மருமகளின் தேதியைக் கேட்பதில்லை. குறித்த பிறகு, “மாத்திரை போட்டுக்கோ” என்று சொல்லிவிடுகிறார்கள். பூப்பெய்தி இரண்டு வருடம்கூட ஆகாத, சுழற்சியே இன்னும் நிலைக்காத பிள்ளைகளுக்கும் வாங்கிப் போகிறார்கள். வருடத்துக்கு ஒரு முறை என்பது போய், ஆடியில் ஒன்று, நவராத்திரியில் ஒன்று, தை முகூர்த்தத்தில் ஒன்று என்று ஆகிவிட்டது. சென்னையிலிருந்து பேருந்து பேருந்தாகச் செவ்வாடை கட்டிப் போகிறார்களே மேல்மருவத்தூருக்கு, அங்கே மாதவிலக்கு நாளிலும் பெண்கள் கருவறைக்குள் போய்த் தாங்களே வழிபடுகிறார்கள். ஆதிபராசக்திக்கு அதில் ஆட்சேபம் இல்லை. அங்கே போவதற்கும் மாத்திரை கேட்டு வருபவர்கள் இருந்தால், தேவையில்லை என்று நீங்களே சொல்லலாம்.

சீட்டு வாங்கி வரச் சொன்னால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்ற கவலை உங்களுக்கு இருக்கும். அதனால்தான் இந்த மடலை ஒரு கடைக்கு எழுதாமல் எல்லோருக்கும் எழுதுகிறேன். தெருவில் இருக்கும் நாலு கடையும் அதே கேள்விகளைக் கேட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. காசு செலவழித்து டாக்டரைப் பார்க்க முடியாதவர்களை மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை, திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி, ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் ஆகிய இடங்களில் புறநோயாளிப் பிரிவில் காசில்லாமல் பார்ப்பார்கள். தேதிக்குப் பத்து நாள் முன்பே போகச் சொல்லுங்கள்.

மாத்திரை கொடுத்து அனுப்பும்போது கவரின் மேல் 1-1-1 எழுதும் அதே பேனாவால் மருந்தின் பெயரையும் எழுதுங்கள். பெயர் இருக்கும் துண்டையே கொடுங்கள். நிறைய தண்ணீர் குடிக்கவும், பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் இறங்கி நடக்கவும் சொல்லுங்கள். ஒரு காலில் மட்டும் வலியும் வீக்கமும், மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, இதுவரை இல்லாத கடும் தலைவலி, பார்வை மங்கல், வாய் குளறல் ஆகியவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு 108க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். மருத்துவமனையில் இந்த மாத்திரை போட்டதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

இந்தக் கேள்விகளை அரைப் பக்கத்தில் தமிழில் அச்சடித்து வைத்திருக்கிறேன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளலாம். ஆடி பிறப்பதற்குள் உங்கள் பகுதி மருந்து வணிகர் சங்கக் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கினால் நானே வந்து பேசுகிறேன், உங்கள் சந்தேகங்களுக்கும் பதில் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றாலும், ராத்திரி கடை சாத்திய பிறகு என்றாலும் எனக்குச் சரி.

அன்புடன்,
வட சென்னையிலிருந்து ஒரு மகப்பேறு மருத்துவர்